தாம்பரத்துக்கு ஒரு நூலகத்தை ஏற்றிப்போன கதை

காலை ஐந்தரை மணிக்கு என் லாரி பிராட்வேக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வந்து நின்றபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எழுபதாம் வருஷம், ஐப்பசி மாதம். ஏற்ற வேண்டிய சரக்கு புத்தகம். இறக்க வேண்டிய இடம் தாம்பரம். தூரம் பதினெட்டு மைல். இப்போது எல்லாரும் சொல்கிற கணக்கில் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காசிக்கும் காஷ்மீருக்கும் போய்வந்தவர்கள் எழுதுகிற பயணக் கட்டுரைகளை என் மகள் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். பதினெட்டு மைலுக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் கடைசி வரை வாசித்துவிட்டுக் கேட்கட்டும்.

என்னைக் குரோம்பேட்டையில் தெரியாதவர்கள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கொத்தவால் சாவடியில் கைவண்டி இழுத்து, பிறகு மாட்டுவண்டி வாங்கி, இன்றைக்கு மூன்று லாரிக்கு முதலாளி. தோல் ஏற்றியிருக்கிறேன், அரிசி ஏற்றியிருக்கிறேன், ஒருமுறை சர்க்கஸ்காரனுடைய ஒட்டகத்தைக்கூட விழுப்புரம் வரை நின்றவாக்கில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். சிராய்ப்பு இல்லாமல் சரக்கு போய்ச் சேர வேண்டுமென்றால் முனிரத்தினத்தைக் கூப்பிடு என்பார்கள். சாமுவேல் வாத்தியாரும் அப்படிக் கேள்விப்பட்டுத்தான் என்னைத் தேடி வந்தார்.

வாத்தியார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதுக்கு மேல். தாம்பரத்தில் வீடு. படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்தனவே, அந்தக் காலத்தில் இவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. கடைக்காரர்கள் தூக்கிப் போட்ட பழைய படி, மரக்கால், எடைக்கல், தராசு எல்லாவற்றையும் சேகரித்து, பிராட்வேயில் தானிய வியாபாரி ஒருவர் இனாமாகக் கொடுத்த மாடியில் அளவைக் காட்சிசாலை என்று ஒன்று வைத்தார். பொருள் சேரச் சேர அதைப் பற்றிய புத்தகமும் சேர்ந்தது. பத்து வருஷத்தில் படியைவிடப் புத்தகம் அதிகமாகிவிட்டது. வியாபாரி காலமானார். வாரிசுகள் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கினவர் இடித்துக் கட்டப் போகிறார். அன்று பகல் பன்னிரண்டுக்குள் மாடி காலியாக வேண்டும்.

தாம்பரத்தில் ஒரு தர்ம டிரஸ்ட்டிடம் சும்மா கிடந்த ஹால் ஒன்றை வாத்தியார் கெஞ்சி வாங்கியிருந்தார். வாங்கியிருந்தார் என்று முழுசாகச் சொல்ல முடியாது. டிரஸ்ட்டின் செயலாளருக்கு இதில் இஷ்டமே இல்லை. தையல் வகுப்பு வைத்தால் நாலு பெண்கள் பிழைப்பார்களே என்பது அவருடைய கட்சி. ஆகவே ஒரு நிபந்தனை போட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து பார்ப்பார். வாத்தியார் எழுதிக்கொடுத்த பட்டியலில் உள்ளவை எல்லாம் குறையாமல் இருந்தால் சாவி வாத்தியாருக்கு. குறைந்தால் தையல் மெஷினுக்கு. காட்சிப் பொருள்கள் முன்தினமே வேறு வண்டியில் போய்விட்டன. வாத்தியாரும் போய் ஹாலில் காத்திருந்தார். எனக்கு விட்டுவைத்தது நூலகம்.

மாடியில் எஸ்தரம்மா நின்றிருந்தார். வாத்தியாருடைய தம்பி மகள், நாற்பது வயது இருக்கும், அந்த நூலகத்தைக் கட்டிக் காக்கிறவர். சம்பளம் உண்டா என்று நான் கேட்டதற்குச் சிரித்தார். புத்தகங்களைப் பழைய டீப் பெட்டிகளில் அடுக்கி, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டு வைத்திருந்தார். மொத்தம் எண்பத்தாறு உருப்படி. இதில் தகர டிரங்குப் பெட்டி ஒன்றே ஒன்று.

"இதை முதல்ல ஏத்திடுங்க சார். நடுவுல, அடியில, மழை படாம இருக்கட்டும்" என்றார்.

என் ஆட்கள் அதை முதலில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழே மேஸ்திரி ஏழுமலை "லாபம்" என்று குரல் கொடுத்தது மாடிக்குக் கேட்டது. நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். பிறகு ரெண்டு, மூணு என்று போகும். சுமை ஏற்றுகிற எங்களுக்கும் அதே வழக்கம்.

ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் அந்த நூலகத்தைப் பார்த்தேன். வாசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இரும்புக்கு அடுத்தபடி கனமான சரக்கு காகிதம்தான் என்று தெரியுமே தவிர, அதற்குள்ளே என்ன இருக்கும் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. கட்டின கயிற்றைத் தளர்த்தி எஸ்தரம்மா ஒவ்வொன்றாகக் காட்டினார். பனை ஓலையில் எழுதின எண்சுவடிகள். நிலம் அளக்கிறவர்களுக்கான புத்தகங்கள், குழி, காணி, வேலி, கிரவுண்டு என்று. தட்டார்கள் வைத்திருந்த குன்றிமணிக் கணக்கு. முத்து நிறுக்க ஒரு கணக்கு தனியாக இருக்கிறதாம். துறைமுகத்தில் கப்பலுக்கு எத்தனை டன் என்று பார்க்கிற இங்கிலீஷ் அட்டவணை. சட்டைக்கு அளவெடுக்கும் தையற்காரர் புத்தகம். வெளிநாட்டுத் தராசுக் கம்பெனிகளின் படம் போட்ட விலைப் புத்தகங்கள். கிலோ வந்தபோது ஊருக்கு ஊர் அச்சடித்து விற்றார்களே, வீசையைக் கிலோவாக்கும் மாற்றுக் கணக்குப் புத்தகம், அதில் மட்டும் இரண்டு பெட்டி. பாதிக்கு மேல் மூர் மார்க்கெட்டில், மழைக்கு ஒதுங்கின நேரத்தில் வாங்கினவை என்றார். ரயிலில் பார்சல் கட்டணம் போட்ட பழைய புத்தகம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். அதில் ஒட்டகத்துக்கும் ரேட் இருந்தது. நான் வாங்கினது அதைவிடக் கூடுதல்தான் என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன்.

ஏழே காலுக்குப் புறப்பட்டோம். தார்ப்பாயை இரட்டையாகப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தோம். டிரைவர் கபாலியும் ஏழுமலையும் சுமை ஆட்களும் லாரியில் போனார்கள். என்னோடு எஸ்தரம்மா ரயிலில் வந்தார். அவரைக் கேபினில் உட்கார வைப்பது மரியாதை இல்லை என்று நான் நினைத்தேன். கோட்டை ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்தோம். வண்டி எழும்பூர் தாண்டி, மாம்பலம் தாண்டி, சைதாப்பேட்டையில் ஆற்றைக் கடந்தது. ஆற்றில் தண்ணீர் இரு கரையும் போய்க்கொண்டிருந்தது. பரங்கிமலையில் மழை வலுத்தது. மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் நனைந்த கோழி மாதிரி நின்றிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஆபீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர், புத்தகம் கொண்டுபோகிறோம் என்று கேட்டதும், மழையில் புத்தகம் என்றால் போண்டா மாதிரி ஊறிவிடுமே என்றார். என் தார்ப்பாய் கான்பூர் தார்ப்பாய் என்று அவருக்கு விளக்கினேன். குரோம்பேட்டை வந்ததும் என் மாடி வீடு ரயிலிலிருந்தே தெரியும் இடத்தைக் காட்டினேன். எஸ்தரம்மா பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாம்பரத்தில் நாங்கள் இறங்கி ஹாலுக்கு நடந்து போவதற்கும் லாரி அந்தத் தெருவில் திரும்புவதற்கும் சரியாக இருந்தது. ஹால் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ஓடு போட்ட கட்டடம், சுற்றிலும் வேப்பமரம். வாத்தியார் வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எஸ்தரம்மா உள்ளே அலமாரிப் பக்கம் போய்விட்டார். ஆட்கள் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றி உள்ளே அனுப்பினார்கள். ஏழுமலை எண்ணினான். எண்பத்தாறு என்று முடித்தான். ஒன்றுகூட நனையவில்லை. அன்று பகல் பல்லாவரத்தில் ஜல்லி ஏற்றிக் கீழ்க்கட்டளையில் ஒரு புது வீட்டுக்குக் கொட்ட வேண்டிய லோடு எனக்கு இருந்தது. ஒரு நாளில் இரண்டு வாடகை எடுப்பதில் இந்தப் பக்கத்தில் என்னை அடிக்க ஆள் இல்லை. கிளம்பு கிளம்பு என்று கபாலியை விரட்டினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ சொல்ல வந்தான். வந்து சொல்லலாம் போ என்றேன். லாரி போய்விட்டது.

நான் தங்கிவிட்டதற்குக் காரணம் உண்டு. எஸ்தரம்மா எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிச் சரி பார்த்த பிறகுதான் நான் வாடகை வாங்குவேன். அது என் கௌரவம்.

ஒன்றரை மணி இருக்கும். வாத்தியார் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். எஸ்தரம்மா அலமாரிகளுக்கு நடுவிலிருந்து வந்தார்.

"டிரங்குப் பெட்டி எங்கே சார்?"

எண்பத்தாறும் இறங்கியாயிற்றே என்றேன். எண்பத்தைந்துதான் இருக்கிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன் என்றார். வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மத்ததெல்லாம் திரும்ப மூர் மார்க்கெட்ல தேடலாம்ப்பா. அந்தப் பெட்டி போனா போனதுதான்."

அதில் என்ன இருந்தது என்று அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள். கிலோ வருவதற்கு முன்னால் ஊருக்கு ஊர் படி வேறு, மரக்கால் வேறு. அவற்றின் மேல் சர்க்கார் முத்திரையும் ஊர் முத்திரையும் இருக்கும். புது அளவு வந்ததும் அவை பாத்திரக்கடைக்கும் உருக்கும் உலைக்கும் போகத் தொடங்கின. வாத்தியார் சந்தை சந்தையாகப் போனார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆரம்பித்தாராம். கடைக்காரர் படியைக் கொடுக்க மாட்டேன் என்றால், மெல்லிய தாளை அதன் மேல் சுற்றி, கரிக்கட்டியால் தேய்த்து, முத்திரையையும் உயரத்தையும் சுற்றளவையும் அப்படியே ஒற்றி எடுத்துக்கொண்டு வருவார். எந்த ஊர், எந்தக் கடை, எத்தனை படி ஒரு மரக்கால் என்று கீழே எழுதுவார். அந்தப் படிகள் எல்லாம் இப்போது உருகிக் குத்துவிளக்காகிவிட்டன. தாள்தான் மிச்சம். கரி என்பதால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் போச்சு. செயலாளருக்குக் கொடுத்த பட்டியலில் முதல் வரியே அதுதான்.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். ஏனென்றால் பெட்டி எங்கே இருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் லாரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்படுத்தினவன் நான். புதிதாக வருகிற வாடிக்கைக்காரருடைய சரக்கில் முதலில் கை வைக்கிற உருப்படி, அதாவது லாபம், மற்றச் சரக்கோடு பின்னால் ஏறாது. மஞ்சள் குங்குமம் வைத்து, பூ சுற்றி, கேபினில் டிரைவர் பக்கத்தில் உட்காரும். போன இடத்தில் எல்லாம் இறங்கின பிறகு, கடைசியாக டிரைவர் தன் கையால் அதைச் சரக்குக்காரர் கையில் கொடுப்பான். இதனால்தான் எனக்கு வந்த வாடிக்கை எதுவும் திரும்பிப் போனதில்லை என்பது என் நம்பிக்கை. இறக்கும்போது லாபம் கேபினில்தான் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் மேஸ்திரி 'ரெண்டு' என்று ஆரம்பித்து எண்ணுவான். எண்பத்தாறு என்று முடிப்பான். கணக்குச் சரியாக இருக்கும். பெட்டி லாரியிலேயே இருக்கும்.

விளக்கிச் சொன்னதும் எஸ்தரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். வாத்தியார், நான் இங்கே இருந்து செயலாளரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி பிடித்தோம். பல்லாவரம் கல்குவாரி என்றதும் டாக்ஸிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மழைல கல்லொடைக்கிற எடத்துக்கு எந்தப் பைத்தியம் சார் டாக்ஸில போவும்?"

"இந்தப் பைத்தியந்தான். வுடு வண்டிய."

எட்டு ரூபாய் பேசி உட்கார்ந்தோம். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். ஏழு கிலோமீட்டர் தூரத்துக்கும் எஸ்தரம்மா கண்ணாடியில் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். பெட்டிக்குத் தகர மூடி, தண்ணீர் போகாது என்று நான் சொன்னேன். மூடியில் ஒரு மூலை துருப்பிடித்து ஓட்டையாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு நானும் கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

குவாரி வாசலில் சிவப்புத் துணி கட்டின கழியைக் குறுக்கே நீட்டிக் காவல்காரர் நிறுத்தினார். வேட்டு வைக்கிற நேரம், யாரும் உள்ளே போகக் கூடாது. விசில் ஊதினார்கள். ஆட்கள் ஓடி ஒதுங்கினார்கள். பிறகு மலை ஒருதரம் குலுங்கினது. டாக்ஸிக் கண்ணாடி நடுங்கியது. கல் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. எஸ்தரம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார், ஜெபமாக இருக்கும். எனக்கும் ஒரு சாமி இருந்தது, நானும் கும்பிட்டேன். கழியை எடுத்ததும் காவல்காரர் சாவகாசமாகச் சொன்னார், உங்கள் லாரி ஒரு மணிக்கே லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று.

"கேபின்ல பூ சுத்தின பொட்டி ஒண்ணு குந்தினு இருந்துச்சு. இன்னா சாமிடான்னேன். பெரிய சாமின்னான் உன் டைவரு."

பெட்டி இருக்கிறது என்ற மட்டில் மூச்சு வந்தது. ஆனால் லாரி கீழ்க்கட்டளைக்குப் போயிருந்தது. இப்போது அங்கே வீடுகள் வந்துவிட்டன. அன்றைக்கு ஏரியும் வயலும், நடுவே கயிறு கட்டிப் பிரித்த மனைகளும்தான். மேடவாக்கம் போகிற ரோட்டில் டாக்ஸிக்காரர் நிறுத்திவிட்டார். இதற்கு மேல் சேற்றில் இறக்க மாட்டேன், காத்திருக்கவும் மாட்டேன், சவாரி இருக்கிறது என்று காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேரும் நடந்தோம். எஸ்தரம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். மழை மட்டும் கொஞ்சம் விட்டிருந்தது.

பாதி எழும்பின ஒரு வீட்டுக்கு முன்னால் என் லாரி வலது பக்கம் சாய்ந்து நின்றிருந்தது. பின்சக்கரம் பாதிக்கு மேல் சேற்றுக்குள். சக்கரத்துக்கு அடியில் கொடுப்பதற்காக எதையெல்லாமோ போட்டிருந்தார்கள். தென்னை மட்டை, கோணிச் சாக்கு, கபாலியுடைய மெத்தை, கேபினில் இருக்கும் பலகை. எல்லாம் சேற்றில் அரைபட்டுக் கிடந்தன. எஸ்தரம்மா ஓடிப்போய்க் கேபின் கதவைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. சீட்டைக்கூடக் கழற்றியிருந்தார்கள். அவர் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் சக்கரத்துக்கு அடியில் பார்த்தேன். சேற்றில் தகரம் மாதிரி ஏதோ மின்னியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது. அது ஓர் எண்ணெய் டின்.

அந்த வீட்டைக் கட்டுகிறவர் பெயர் சிவராமன், ஆபீஸ் வேலையில் இருக்கிறவர். என்னைக் கண்டதும் புகார் சொல்ல வந்துவிட்டார்.

"என்ன ஆளு சார் உங்க டிரைவர்? ஜாக் வழுக்குது, அடியில வைக்க கெட்டியா ஏதாவது வேணும்னான். அந்தப் பெட்டியை வைப்பா, உள்ள பேப்பர்தானே, தாங்கும்னேன். என்னை அடிக்க வந்துட்டான் சார்."

"பெட்டி எங்கே?" என்று எஸ்தரம்மா கேட்டார்.

சிவராமன் வீட்டுக்குள் கையைக் காட்டினார். கூரை போட்டிருந்தது ஓர் அறைக்குத்தான். அதில் நாலு செங்கல்லின் மேல் டிரங்குப் பெட்டி இருந்தது. அதன்மேல் என் கான்பூர் தார்ப்பாய் எட்டாக மடித்துப் போர்த்தியிருந்தது. பூ வாடவில்லை. தார்ப்பாயைச் சக்கரத்துக்குக் கொடுத்திருந்தால் லாரி எப்போதோ ஏறியிருக்கும். கபாலி கொடுக்கவில்லை. அவன் சட்டையில்லாமல், தலையிலிருந்து கால் வரை சேறாக நின்றிருந்தான்.

"இன்னா மொதலாளி, லாபத்த எட்த்து ஜாக்குக்கு அடில வெக்கச் சொல்றாரு இவரு. நல்லா கீதா? காலைலயே குட்த்துட்டு வர்றேன்னு சொல்ல வந்தேன், நீங்கதான் வெரட்டிக்கினே இருந்தீங்க."

எஸ்தரம்மா கைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த தாளைத் தூக்கினார், பிறகு நடுவில், பிறகு அடியில். அடித்தாள் வரை காய்ந்திருந்தது. ஒரு படியின் உருவம் கரியில் அப்படியே நின்றது, முத்திரையோடு. மூடி மேல் மட்டும் கபாலி வைத்த மஞ்சள் குங்குமம். அதைத் துடைக்கட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார். பிறகு செங்கல் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. சிவராமனுடைய மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது. லாரியில் ஜல்லி பாதி அப்படியே இருந்தது. சக்கரத்துக்கு அடியில் போடுவதற்கு ஜல்லியைவிட நல்லது எது? இதைக்கூட யோசிக்கவில்லையா என்று கேட்டேன். காசு கொடுத்து வாங்கின ஜல்லியைச் சேற்றில் போடக் கூடாது என்று சிவராமன் சொல்லிவிட்டாராம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கடன் வாங்கி வீடு கட்டுகிறவர். நான் கையை உயர்த்தினேன். கொட்டுகிறது கொட்டட்டும், போகிற ஜல்லிக்கு நாளைக்கு அரை லோடு முனிரத்தினம் சும்மா தருவான் என்றேன். மீதி ஜல்லி மொத்தமும் பள்ளத்தில் போயிற்று. ஏழுமலையும் ஆட்களும் சிவராமனும் தள்ள, கபாலி ஆக்ஸிலேட்டரை மிதிக்க, லாரி ஒரு முறை முனகி, ஒரு முறை வழுக்கி, மேலே ஏறிவிட்டது.

கேபினில் சீட்டை வைத்துக் கட்டினோம். எஸ்தரம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். மரியாதை, மரியாதைக் குறைவு என்பதெல்லாம் அப்போது யார் நினைத்தார்கள். பல்லாவரம் வந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பினதும் கபாலி, பெட்டியைக் கொஞ்சம் என்னிடம் கொடுங்கம்மா, போய்ச் சேர்ந்ததும் நான்தான் உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்றான். கியர் போடுகிறவன் மடியில் பெட்டி வைக்க முடியுமா? அங்கே போனதும் வாங்கிக்கொண்டு திரும்பக் கொடு என்று சமாதானம் செய்தேன்.

ஹாலுக்கு முன்னால் செயலாளருடைய கார் நின்றிருந்தது. மணி ஐந்தே கால். உள்ளே நுழைந்தால் செயலாளர் மூன்றாம் அலமாரி முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெற்றி வியர்வையோடு நிற்கிறார். அவர் நாலரைக்கே வந்துவிட்டாராம். வாத்தியார் அவரைப் பெட்டி என்ற பேச்சுக்கே வரவிடவில்லை. நூலகம் எப்படிப் பிறந்தது என்று ஆரம்பித்து, தானிய வியாபாரி மாடியைக் கொடுத்த விதம், முதல் புத்தகம் எத்தனை அணாவுக்கு வாங்கினது, எந்தப் புத்தகத்தில் கரையான் ஏறினது, எது வெள்ளத்தில் தப்பினது என்று ஒவ்வோர் அலமாரியாக நிறுத்தி நிறுத்தி வந்திருக்கிறார். நாற்பது வருஷம் வகுப்பு எடுத்த குரல். செயலாளர் தப்பிக்க முடியாத மாணவர்.

எங்களைக் கண்டதும் வாத்தியார் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். அவர் கண் பெட்டிக்குப் போயிற்று. எஸ்தரம்மா தலையை ஆட்டினார். கிழவருடைய தோள் இறங்கினது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கபாலி சேற்றுக் கையை வேட்டியில் துடைத்து, பெட்டியை வாங்கி, இரண்டு கையாலும் நீட்டினான். எஸ்தரம்மா வாங்கினார். அவன் நகரவில்லை. நான் ஜாடை காட்டிய பிறகுதான் அவர் புரிந்துகொண்டு ஒரு கால் ரூபாய் கொடுத்தார். கபாலி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "லாபம்" என்றான்.

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செங்கல்பட்டுப் பக்கம் நெல் அளப்பவர்கள் இப்படி எண்ணுவதை அவரே எழுதி வைத்திருக்கிறாராம், அதே பெட்டியில்.

"வாசல்லதான் நின்னேன், அந்த மேஸ்திரி எண்ணுறது மட்டும் காதுல விழுந்திருந்தா, ரெண்டுலேயே பிடிச்சிருப்பேன். குடைமேல மழை விழுற சத்தத்துல கேக்கலை."

செயலாளர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இரண்டு மூன்று தாள்களைப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. வாத்தியார் ஒரு தாளை எடுத்து, இது காஞ்சிபுரம் தாலுகாவில் என்று தொடங்கினதும், "எல்லாம் இருக்கு சார், எல்லாம் இருக்கு, நான் நம்பறேன்" என்று பையிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார். தையல் வகுப்புக்குப் பக்கத்துத் தெருவில் வேறு இடம் பார்க்கப்போவதாகப் போகிற போக்கில் சொன்னார். கார் திரும்பிப் போயிற்று. பிறகு எஸ்தரம்மா ஹால் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை ஓர் அலமாரிக்குள் வைத்து, பூட்டி, இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தார்.

நான் விடைபெற்றபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. மழை விட்டு வேப்பமரத்தில் காக்கைகள் சிறகை உதறிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். என் வீடு மாடி வைத்த வீடு. உள்ளே ரேடியோ இருக்கிறது, இரும்புப் பீரோ இருக்கிறது, டைனிங் டேபிள்கூட வாங்கிப் போட்டிருக்கிறேன். படிக்க இருப்பதெல்லாம் ஒரு காலண்டரும் மகளுடைய பாடப் புத்தகமும். இவர்களிடம் சரியான நாற்காலி மூன்று இல்லை. ஆனால் உருக்கிப் போட்ட படிகளெல்லாம் இங்கே ஊர்ப் பெயரோடு பத்திரமாக இருக்கின்றன. எத்தனையோ ஆயிரம் டன் ஏற்றி இறக்கியிருக்கிறேன். இறக்கின பிறகு இப்படி உடம்பு லேசான சரக்கு வேறொன்று இல்லை.

கேபினில் ஏறி உட்கார்ந்தேன். காலி லாரி, ஜி.எஸ்.டி. ரோடு, நேரே குரோம்பேட்டை. கபாலி வழக்கம்போல மிதித்தான்.

"மெதுவா போடா" என்றேன்.

"காலி வண்டிதானே மொதலாளி. இன்னாத்துக்கு மெதுவா?"

"காலியா கீதுல்ல, அதுக்குத்தான். காலைல வெரட்டினது போதும்."